கையெழுத்து மட்டும் போடு

வாங்க. நீங்கதான் புது ஆளா? உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அது என்னோடது. ரெண்டு மணி வரைக்கும் என்னோடது. அதுக்கப்புறம் நீங்க அதுல ஏறி நின்னு ஆடினாலும் எனக்கு ஒண்ணுமில்ல. இந்த பிளாஸ்டிக் நாற்காலியில உக்காருங்க. ஒரு கால் லேசா வளையும், சாயாதீங்க.

பேரு என்ன சொன்னீங்க? அனுசுயா. எம்.எஸ்.டபிள்யூ.வா? இருக்கும். இப்ப எல்லாரும் அதத்தான் படிச்சிட்டு வர்றாங்க. நான் பி.காம். அதுவும் தபால்ல படிச்சது. ஆனா மேடம், பதினோரு வருஷமா இந்தச் சமுதாயக் கல்லூரிக்கு வந்த ஒவ்வொரு ஃபண்டும் இந்த பி.காம் எழுதி வந்ததுதான். வெளிய போர்டுல செயலர் பேரு போட்டிருக்கும், முதல்வர் பேரு போட்டிருக்கும். தவசிலிங்கம்னு எங்கயும் போட்டிருக்காது. கீழ தையல் ஹால்ல நாப்பது மிஷின் ஓடுதே, சத்தம் கேக்குதா? அது நான். ஏ.சி. மெக்கானிக் ஒர்க் ஷாப்பு, அது நான். நீங்க குடிச்சிட்டு வந்தீங்களே வராண்டாவுல தண்ணி, அந்த மிஷின்கூட நான் எழுதி வந்ததுதான்.

கையில என்ன பேப்பரு? எனக்கா? அப்புறம் குடுங்க, மடியிலயே வச்சிருங்க. காலையில இருந்து மூணு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டாங்க. லைப்ரரி பாக்கி இல்லன்னு ஒண்ணு, சாவி குடுத்துட்டேன்னு ஒண்ணு, இன்னொண்ணு என்னன்னே பாக்கல. இது நாலாவது. கொஞ்சம் பொறுங்க. மணி என்ன? ஒண்ணு ஆகப்போகுதா? நெறைய நேரம் இருக்கு.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். சார்ஜ் எடுக்க. என்கிட்ட இருக்கிறதையெல்லாம் வாங்கிக்க. கம்ப்யூட்டர் அந்தா இருக்கு. பாஸ்வேர்டு எடுத்தாச்சு, திறந்துதான் இருக்கு. உள்ள ஒண்ணும் இருக்காது. ஃபண்டு கேட்டு எழுதின பழைய ப்ரபோசல் ஒண்ணுகூட இருக்காது. நேத்து உக்காந்து எல்லாத்தையும் அழிச்சேன். ஏன் அப்படிப் பாக்கறீங்க? கல்லூரிப் பொருள் ஒரு குண்டூசிகூட நான் எடுக்கல. எழுத்து என்னோடது. என் எழுத்த நான் அழிக்கறேன். நீங்க புதுசா எழுதுங்க. படிச்சவங்கதானே.

சரி, கேளுங்க. வெளிய ஒவ்வொருத்தன் ஒவ்வொரு மாதிரி சொல்லுவான். கேன்டீன்ல ஒண்ணு சொல்லுவாங்க, பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு சொல்லுவாங்க. நடந்தது என்னன்னு என் வாயால கேட்டுக்கங்க. இந்த வேலையில உக்காரப் போறவங்களுக்குத் தெரியணும்.

போன வருஷம் ஆடி மாசம். பழைய ஃபண்டு நின்னு போச்சு. பதினாலு வாத்தியாருங்க. நர்சிங் அசிஸ்டென்ட் கோர்சுக்கு லேப் கிடையாது, ரெண்டு ஓட்டக் கட்டில வச்சுக்கிட்டு ஊசி போடக் கத்துக் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. செயலர் என்னைக் கூப்பிட்டாரு. 'தவசி, எப்படியாச்சும் கொண்டாந்துரு'ன்னாரு. அந்த 'எப்படியாச்சும்'ங்கிறத நீங்க நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. பதினோரு வருஷமா அந்த மனுஷன் என்கிட்ட சொன்ன ஒரே வார்த்தை அதுதான். எப்படிக் கொண்டாந்தன்னு ஒரு நாள் கேட்டது கிடையாது. வந்துருச்சுன்னா சால்வை. அதுவும் அவருக்கு.

பெங்களூர்ல ஒரு அறக்கட்டளை. பெரிய இடம். மூணு வருஷத்துக்குச் சேத்து குடுப்பாங்க. முப்பத்தி ரெண்டு பக்கம் ஃபாரம். ஆடி பூரா இந்த நாற்காலியில இருந்துதான் எழுதினேன்.

இப்ப நான் சொல்றத நோட்டுல எழுதிக்கங்க, உங்க காலேஜ்ல சொல்லித் தந்திருக்க மாட்டாங்க. ப்ரபோசல்ல முக்கியமானது பட்ஜெட் கிடையாது. நோக்கம், விளைவு, அதெல்லாம் கிடையாது. அத எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுவான். கேஸ் ஸ்டடின்னு ஒரு அரைப் பக்கம் கேப்பாங்க பாருங்க, ஒரு பிள்ளையோட கதை, போட்டோவோட. அந்த அரைப் பக்கம்தான். படிக்கிறவன் அங்க நின்னுட்டான்னா நமக்கு ஃபண்டு. தாண்டிட்டான்னா இல்ல.

அதுக்கு நான் ஒரு ஏற்பாடு வச்சிருந்தேன். அட்மிஷன் அன்னிக்கே ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் பயனாளி படிவம் மூணு வாங்கிருவேன். மேல ஒண்ணும் எழுதக் கூடாது. கீழ கையெழுத்து மட்டும் போடு, மத்தத சார் பாத்துக்கிறேன்னு சொல்லுவேன். எந்த ஃபண்டு வரும், அவன் என்ன கேப்பான்னு அன்னிக்கே நமக்குத் தெரியுமா? வர்ற நேரத்துல பிள்ளை லீவுல இருக்கும், கல்யாணம் ஆகிப் போயிருக்கும். அதனால முன்கூட்டியே. பதினோரு வருஷத்துல ஒரு பிள்ளை, ஒரே ஒரு பிள்ளை, என்ன சார் எழுதப் போறீங்கன்னு கேட்டதில்ல. அவ்வளவு நம்பிக்கை என் மேல.

நானும் யாருக்கும் கெடுதலா எழுதினதில்ல. ஒரு பிள்ளைக்கு ரெண்டு தங்கச்சி கூடக் குடுத்திருப்பேன். ஒரு பிள்ளை வீட்டுக் கூரைய மழையில பேத்திருப்பேன். யாருக்கு என்ன நட்டம்? அந்தக் கூரைய வச்சுத்தான் ஏ.சி. ஒர்க் ஷாப்பு வந்துச்சு. பாக்க வர்றவங்க யாரும் அதப் படிச்சிட்டு வரமாட்டாங்க மேடம். வருவாங்க, மாலை போட்டுக்குவாங்க, முந்திரி பக்கோடா சாப்பிடுவாங்க, பிள்ளைங்களோட போட்டோ எடுப்பாங்க, போயிருவாங்க. பதினோரு வருஷம் அப்படித்தான் போச்சு.

இந்த வாட்டி காளீஸ்வரிய எடுத்தேன். நர்சிங் அசிஸ்டென்ட்ல முதல் மார்க்கு. போட்டோவுல கண்ணு நல்லா விழும். நம்ம வாட்ச்மேன் பெத்துராஜ் இருக்கான் பாருங்க, அவன் மக. நீங்க உள்ள வரும்போது பாத்திருப்பீங்களே, காக்கிச் சட்டை, பச்சை சைக்கிள். அந்தாளுதான்.

பிள்ளை கதைய எழுதலாம்னு உக்காந்தேன். எழுத ஒண்ணுமே இல்ல. அப்பன் குடிக்க மாட்டான். பொண்டாட்டிய அடிக்க மாட்டான். மாசாமாசம் சம்பளத்தக் கொண்டுபோய் வீட்டுல குடுத்துருவான். பிள்ளைக்கு கோர்சு முடிகிற வரைக்கும் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன்னு சொல்லியிருக்கான். இத வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? நல்ல அப்பன் இருக்கிற பிள்ளைக்கு எவன் ஃபண்டு குடுப்பான்? அந்த ஃபாரத்துலயே தெளிவா இருக்கு, தந்தையை இழந்த பிள்ளைகளுக்கு பத்து மார்க்கு. பத்து மார்க்குன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? போன வாட்டி ரெண்டு மார்க்குல போச்சு எனக்கு.

அதனால எடுத்துட்டேன்.

உங்க முகத்தப் பாருங்க. கொன்னுட்டேன்னு நான் சொன்னேனா? ஃபாரத்துல ஒரு கட்டத்துக்குள்ள காலமானார்னு எழுதினேன். அந்தாளு பாட்டுக்கு கேட்ல உக்காந்துதானே இருந்தான்? டீ குடிச்சான், பீடி குடிச்சான். ஒரு தும்மல்கூட வரலையே அவனுக்கு.

ஆனா எழுத்துன்னா அது எழுத்து. நானே சொல்லக் கூடாது. செங்கல் சூளையில வேலை பாத்த அப்பா, நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்கல, பக்கத்துல முதலுதவி தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்ல. அன்னிக்குத்தான் பிள்ளை முடிவு பண்ணுது, நான் நர்சிங் படிப்பேன்னு. எப்படி? கோர்சையும் கதையையும் கோத்தேன் பாத்தீங்களா? அப்புறம் அந்த அப்பா விட்டுட்டுப் போனது என்னன்னு ஒண்ணு வேணும். யோசிச்சுக்கிட்டே இந்த ஜன்னல் வழியா பாத்தேன். இங்க இருந்து கேட்டு நேரா தெரியும். கேட்டுல சைக்கிள் நிக்குது.

அந்த சைக்கிள் சீட்டுக்கு ஒரு உறை உண்டு. காளீஸ்வரி ஸ்கூல்ல போட்ட நீல யூனிஃபார்ம். சின்னதாப் போனதும் அத வெட்டி அந்தப் பிள்ளையே தச்சு சீட்டுக்குப் போட்டிருக்கு, மூலையில மஞ்ச நூல்ல ஒரு பூ. அதத்தான் எழுதினேன். அப்பா விட்டுச் சென்றது ஒரு பச்சை சைக்கிள், அதன் இருக்கையில் மகள் தன் பள்ளிச் சீருடையில் தைத்த உறை. இன்னமும் அதில்தான் கல்லூரிக்கு வருகிறாள். அத எழுதி முடிச்சிட்டு நானே மூணு வாட்டி படிச்சுப் பாத்தேன். நெசம்.

அதான் நான் பண்ணின தப்பு. தப்புன்னா அது ஒண்ணுதான். கதைய வேற எங்க இருந்தாவது எடுத்திருக்கணும். ஜன்னல் வழியா பாத்திருக்கக் கூடாது.

ஃபண்டு ஓகே ஆயிருச்சு. கடைசிக் கட்டமா மாசி மாசம் ஒரு வியாழக்கிழமை பாக்க வர்றோம்னு லெட்டர் வந்துச்சு. அந்த அறக்கட்டளைத் தலைவி, அந்தம்மாவே வர்றாங்க. பூர்வீகம் திருநெல்வேலியாம், நல்லா தமிழ் பேசுவாங்க. ஃபோன்ல என்கிட்ட பேசினாங்க. 'காளீஸ்வரி பத்தி நீங்கதான் எழுதினீங்களா, எங்க அப்பா போய் நாலு மாசம்தான் ஆச்சு, படிச்சிட்டு அழுதுட்டேன்'னாங்க. கேட்டீங்களா? முப்பத்தி ரெண்டு பக்கத்துல அந்த அரைப் பக்கத்தப் படிச்சிட்டு அழுதிருக்காங்க. செயலர்கிட்ட சொன்னேன். 'அப்ப நிச்சயம்தானே'ன்னாரு. அவ்வளவுதான் அந்த மனுஷன்.

நான் முன்னேற்பாடு பண்ணாம இருப்பேனா? பிள்ளையக் கூப்பிட்டு, 'அந்தம்மா என்ன கேட்டாலும் ஆமாம்மான்னு சொல்லு, போதும்'னேன். சரி சார்னுச்சு. பெத்துராஜக் கூப்பிட்டேன். 'வியாழக்கிழமை நீ லீவு எடுத்துக்க, மாத்து ஆள் போட்டுக்கிறேன்'னேன்.

'பாப்பாவ மேடையில ஏத்துறாகளாமே சார்'னான்.

'போட்டோ தர்றேன்யா'ன்னேன்.

தலையாட்டினான். சரின்னுதானே அர்த்தம்? நீங்களா இருந்தா என்ன நினைப்பீங்க?

வியாழக்கிழமை காலையில வந்து நிக்கிறான். காக்கி இல்ல. வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டு, தலைக்கு எண்ணெய் வச்சு. 'லீவுலதான் சார் இருக்கேன், பாப்பாவப் பாத்துட்டுப் போயிர்றேன்'ங்கிறான். வாட்ச்மேன் வேலையே பாத்தவனுக்கு வேற எங்க நிக்கத் தெரியும்? கேட்டுலயே நின்னான். மாத்து ஆள் டீ குடிக்கப் போயிட்டான். அந்த நேரம் பாத்து அந்தம்மா கார் வந்து நிக்குது. இவன் கை சும்மா இருக்குமா, கேட்டத் திறந்துவிட்டுட்டான்.

நான் போர்டிகோவுல மாலையோட நிக்கிறேன். கார் உள்ள வரணும், வரல. அந்தம்மா இறங்கிட்டாங்க. சைக்கிளப் பாத்துட்டாங்க.

அங்க என்ன பேசிக்கிட்டாங்கன்னு எனக்கு அப்புறம்தான் தெரியும். 'இது காளீஸ்வரி அப்பா சைக்கிளா'ன்னு கேட்டிருக்காங்க. இவன் 'ஆமாம்மா'ன்னிருக்கான். பெருமையா. அந்தம்மா அந்த உறை மேல கைய வச்சு, மஞ்சப் பூவத் தடவி, அப்படியே நின்னிருக்காங்க. கண்ணத் தொடச்சிக்கிட்டாங்களாம். இவனுக்கு ஒண்ணும் புரியல. பெரிய மனுஷங்க, நம்ம சைக்கிள இப்படித் தொட்டுப் பாக்கறாங்களேன்னு கூச்சப்பட்டு நின்னிருக்கான்.

அப்பவே அந்தாள நான் வெளிய அனுப்பியிருக்கணும். நீங்க நினைக்கிறது தெரியுது. ஓடிப் போய் கையப் பிடிச்சேன், 'கிளம்புய்யா'ன்னுதான் சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சட்டையப் பாத்தேன். மடிப்புக் கலையல. எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல? ஹாலுக்குப் பின்னாடி தூண் இருக்கு, அங்க நில்லு, முன்னாடி வராதன்னு சொன்னேன். நான் இரக்கப்பட்டதுக்குத்தான் இன்னிக்கு இந்தப் பெட்டியக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

அந்தப் பேப்பர ஏன் நீட்டிக்கிட்டே இருக்கீங்க? அப்புறம்னு சொன்னேன்ல. முக்கியமான இடத்துல இருக்கேன்.

கூட்டம் ஆரம்பிச்சுது. செயலர் பேசினாரு, முதல்வர் பேசினாங்க. காளீஸ்வரி மேடையில ஓரமா நிக்குது. அந்தம்மா எழுந்தாங்க. மைக்கப் பிடிச்சாங்க. பேப்பர் எதுவும் இல்ல. 'நான் இந்தப் பொண்ணப் பத்திப் படிச்சிட்டுத்தான் வந்தேன்'னாங்க. 'அவ அப்பாவோட சைக்கிள இப்ப வாசல்ல பாத்தேன், அதத் தொட்டுட்டுத்தான் உள்ள வந்தேன். இப்படி ஒரு பொண்ண வளத்த அந்த அப்பாவுக்காக நாம எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நிப்போம்'னாங்க.

நாற்காலி எல்லாம் நகர்ற சத்தம். முன்னூறு பேரு. செயலர் எந்திரிச்சாரு, முதல்வர் எந்திரிச்சாங்க, வாத்தியாருங்க எந்திரிச்சாங்க. வாத்தியாருங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் விளங்கல, விருந்தாளி சொல்லுது, நிக்கிறாங்க.

நான் பின்னாடி பாத்தேன். பாக்காம இருந்திருக்கலாம்.

அந்தாளு தூணுக்குப் பக்கத்துல ஏற்கெனவே நின்னுக்கிட்டுத்தானே இருக்காரு. முன்னூறு பேரும் தனக்காக எந்திரிச்சதப் பாக்கறாரு. சட்டைக் காலர் பட்டனப் போட்டாரு. அப்புறம் கையக் கூப்பினாரு. வாயக் கோணிக்கிட்டு அழுகைய அடக்கறாரு. மக மேடையில, ஊரே எந்திரிச்சு நிக்குது. எல்லாருக்கும் சேத்து ஒரு கும்பிடு போட்டுக்கிட்டு அப்படியே நிக்கிறாரு.

ஒரு நிமிஷம்னா அறுபது வினாடி மேடம். நான் எண்ணினேன். பதினோரு வருஷமா அந்தாளு எல்லாருக்கும் எந்திரிச்சு நின்னிருக்காரு. அவருக்குன்னு ஒருத்தரும் எந்திரிச்சதில்ல. நானும்தான். அந்த ஒரு நிமிஷத்த யாரு குடுத்தா? என் எழுத்துதானே குடுத்துச்சு? அத ஒருத்தரும் பேச மாட்டேங்கிறாங்க.

அதோட அந்தம்மா உக்காந்திருந்தாங்கன்னா எல்லாம் சரியாப் போயிருக்கும். உக்காரல. 'அவர் ஆத்மா சாந்தியடையட்டும்'னாங்க.

கூப்பின கை கீழ இறங்கல. அப்படியே நின்னுச்சு. முகம் மட்டும் மாறுச்சு.

காளீஸ்வரி வந்து மைக்க வாங்கிருச்சு. அழுதுச்சுன்னு கேன்டீன்ல சொல்லுவாங்க, பொய். அழல. 'அம்மா, எங்கப்பா உயிரோட இருக்காரு. அந்தா, தூண்கிட்ட நிக்கிறாரு'ன்னுச்சு.

எல்லாரும் திரும்பினாங்க. அந்தம்மா கைப்பையில இருந்து படிவத்த எடுத்து நீட்டினாங்க. 'இது உன் கையெழுத்துதானேம்மா?'ன்னாங்க. பிள்ளை வாங்கிப் படிச்சுது. முழுசா, நிதானமா, கடைசி வரி வரைக்கும் படிச்சுது. படிச்சிட்டு, 'கையெழுத்து என்னோடதுதாம்மா. மத்தது எதுவும் என்னோடது இல்ல'ன்னுச்சு.

நன்றின்னு ஒண்ணு கிடையாதா? ஆமாம்மான்னு ஒரு வார்த்தை. அது முடியலையா அதுக்கு? லேப்பு அதுக்குத்தானே வரப் போகுது? அப்பன் செத்துட்டான்னு பெங்களூர்ல நாலு பேரு நினைச்சிட்டுப் போறான். அதனால இங்க யாருக்கு என்ன வந்துச்சு?

அந்தாளு அந்தம்மாவப் பாக்கல. மகளப் பாக்கல. என்னைத்தான் பாத்தாரு. அத்தனை பேர்ல என்னை மட்டும். அப்புறம் கையக் கீழ விட்டுட்டு வெளிய போயிட்டாரு. எங்க போனாரு தெரியுமா? கேட்டுக்கு. லீவுல இருந்த மனுஷன். அந்தம்மா பத்து நிமிஷத்துல கார்ல ஏறிட்டாங்க, பக்கோடாவத் தொடக்கூட இல்ல. இவருதான் கேட்டத் திறந்துவிட்டாரு. அந்தம்மா கார நிறுத்தி இறங்கி அவர் முன்னாடி கையக் கூப்பினது இந்த ஜன்னல் வழியா எனக்குத் தெரிஞ்சுது. இவரு சல்யூட் வச்சாரு.

ஃபண்டு போச்சு. வேறென்ன. பதினாலு வாத்தியாருக்கும் பாதிச் சம்பளம். எல்லாரும் என்னை முறைக்கிறாங்க. வந்த காலத்துல வாங்கிக்கிட்டாங்கல்ல, அப்ப எவனாவது கேட்டானா? செயலர் என்ன சொன்னாரு தெரியுமா? 'இப்படியெல்லாம் எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியாது தவசிலிங்கம்'. தவசி போயி தவசிலிங்கம் ஆயிட்டேன். அப்புறம், வேலைய விட்டுப் போறதுக்கு முன்னாடி பெத்துராஜுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துருங்கன்னாரு.

எழுதினேன். ஏன் எழுத மாட்டேன், என் தொழிலே அதுதானே. நாலு வாட்டி எழுதினேன். ஒவ்வொரு வாட்டியும் நல்லா வந்துச்சு. படிச்சா அழுதுருவாங்க, அவ்வளவு நல்லா வந்துச்சு. நாலையும் கிழிச்சுப் போட்டுட்டேன். ஏன்னு கேக்காதீங்க.

அந்தாளு ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். சட்டையப் பிடிச்சிருக்கலாம், நான் வாங்கிக்கிட்டிருப்பேன். மறுநாள் காலையில நான் வண்டியில வர்றேன், எப்பவும் போல கேட்டத் திறந்து, எப்பவும் போல சல்யூட் வைக்கிறாரு. சைக்கிள் நிக்குது. சீட்டுல உறை இல்ல. கழட்டிட்டாரு. வெறும் சீட்டு. வெயில்ல அந்த ரெக்சின் எப்படிக் கொதிக்கும்?

அன்னியில இருந்து நான் கேன்டீன் பக்கம் இருக்கிற வழியாத்தான் வர்றேன். வேலியில ஒரு சந்து உண்டு. யாருக்கும் பயந்து இல்ல. அந்தப் பக்கம் நிழல். இன்னிக்கு மட்டும் வண்டி வேணும், இந்தப் பெட்டிய அந்தச் சந்துல தூக்கிட்டுப் போக முடியாதுல்ல, அதனால காலையில அஞ்சரைக்கே வந்துட்டேன். ஆறு மணிக்குத்தான் பெத்துராஜ் வருவாரு. ரெண்டு மணிக்கு மாறிருவாரு. அதுக்கப்புறம் சின்னப் பையன் ஒருத்தன் வருவான், ஃபோனப் பாத்துக்கிட்டே இருப்பான். பெட்டியெல்லாம் பாக்க மாட்டான்.

பெட்டின்னதும் சொல்லணும். இங்க இருந்து எது வெளிய போனாலும் கேட் பாஸ் வேணும். தையல் மிஷின் தலை ரெண்டு காணாமப் போனப்ப நான்தான் அந்தச் சட்டத்தக் கொண்டாந்தேன். அந்த ஃபாரம்கூட நான் அடிச்சதுதான். பெயர், பொருட்கள் விவரம், வெளியே செல்வதற்கான காரணம், கீழ சரிபார்த்தவர் கையெழுத்து. வாட்ச்மேன் பெட்டியத் திறந்து ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும். யாரா இருந்தாலும். முதல்வர் கைப்பையக்கூட ஒரு வாட்டி திறக்கச் சொல்லியிருக்காரு பெத்துராஜ். அவ்வளவு சுத்தம்.

மணி என்ன இப்ப? ஒண்ணே முக்கால். பெட்டியில ஒண்ணுமில்ல, நீங்களே பாக்கறதுன்னா பாருங்க. காலண்டர் ஒண்ணு. ஷீல்டு ஒண்ணு, அதுல என் பேரத் தப்பாப் போட்டிருப்பான். டிபன் கேரியர்.

டிபன் கேரியர எதுக்குப் பாக்கறீங்க? சரி, உங்ககிட்ட என்ன மறைக்கிறது. நடு அடுக்குல ஒரு பென் டிரைவ் இருக்கு. பதினோரு வருஷ எழுத்து. எல்லாப் பிள்ளைங்களும் அதுல இருக்குது. தங்கச்சி கூடுதலா இருக்கிற பிள்ளை, கூரை போன பிள்ளை, எல்லாம். படிவம் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வச்சிருக்கேன், எழுதாத படிவமும் சேத்து. வெறும் கையெழுத்து மட்டும் இருக்கிறதே எம்பது தொண்ணூறு இருக்கும். வேற கல்லூரியில கூப்பிடறாங்க. நானும் பிழைக்கணும்ல.

சரி, குடுங்க அந்தப் பேப்பர. வந்ததுல இருந்து மடியில வச்சுக்கிட்டு இருக்கீங்க. எங்க கையெழுத்துப் போடணும்?

இது கேட் பாஸு.

யாரு குடுத்தா இத உங்ககிட்ட? கேட்டுலயா? நீங்க உள்ள வரும்போதா?

இதுல ஒண்ணும் எழுதலையே. பெயர், காலியா இருக்கு. பொருட்கள் விவரம், காலி. காரணம், காலி. கீழ மட்டும் பெத்துராஜ்னு போட்டிருக்கு. அவரு கையெழுத்துதான், கடைசி எழுத்து மேல ஏறும். பெட்டியத் திறக்காம எப்படிப் போட்டாரு? இது வரைக்கும் ஒரு ஆளுக்கு அப்படிப் போட்டதில்லையே அவரு.

என்ன சொல்லிக் குடுத்தாரு? சொன்னத அப்படியே சொல்லுங்க. கூட்டாம குறைக்காம சொல்லுங்க.

'கையெழுத்து மட்டும் போட்டிருக்கேன், மத்தத சார் எழுதிக்கிடுவாரு.'

அவ்வளவுதானா? சிரிச்சாரா சொல்லும்போது? கோவமா சொன்னாரா? சும்மா சொன்னாரா. சும்மான்னா எப்படி?

சரி. நல்லதுதானே. எழுதிக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதான். யாரு பாக்கப் போறா. பெயர், ம. தவசிலிங்கம். எழுதியாச்சு. பொருட்கள் விவரம். காலண்டர் ஒண்ணு. ஷீல்டு ஒண்ணு. டிபன் கேரியர் ஒண்ணு.

டிபன் கேரியர்னா டிபன் கேரியர்தான். உள்ள என்னன்னு கேக்க அங்க யாரும் இருக்கப் போறதில்ல. கையெழுத்துத்தான் கீழ இருக்கே. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, சரிபார்த்தேன்னு போட்டவரு பெத்துராஜ்தான் பதில் சொல்லணும். நான் இல்ல. அதுகூடத் தெரியாம போட்டிருக்காரு பாருங்க, படிக்காத மனுஷன்.

தெரியாமயா போட்டிருப்பாரு?

மணி என்னாச்சு? ரெண்டு பத்தா? ஜன்னல்ல கொஞ்சம் எட்டிப் பாருங்க, நான் இங்கயே இருக்கேன். பையன் வந்துட்டானா? சைக்கிள் இருக்கா?

போயிட்டாரா.

சொன்ன நேரத்துக்குப் போயிட்டாரு. சரி. வழி விட்டுட்டாரு.

காரணம்னு ஒரு கட்டம் இருக்கு மேடம். வெளியே செல்வதற்கான காரணம். ரெண்டு வரி விட்டிருக்கேன் நான் ஃபாரம் அடிக்கும்போதே. பதினோரு வருஷத்துல ஒரு கட்டம் நான் காலியா விட்டதில்ல. பேனா நல்லாத்தான் எழுதுது. இந்தாங்க, நீங்க பிடிங்க. உங்களுக்கும் பழகணும்ல, நாளையில இருந்து இதுதானே வேலை. எழுதுங்க. என்னைக் கேக்க வேணாம். நீங்களா பாத்து ஏதாவது எழுதிருங்க, நான் படிச்சுக்கூடப் பாக்க மாட்டேன்.

ஏன் பேனாவத் திருப்பிக் குடுக்கறீங்க?